வாஷிங் மெஷினுக்கு ஓர் எதிர்க்கேள்வி

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டோம். திருப்பிக் கேட்போம்.

நூலகத்துக்கு ஒருவர் வந்து சட்டப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியைக் கை காட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அப்படிக் கை காட்டுகிறவர் நூலகர் அல்ல, பெயர்ப் பலகை. நூலகர் என்றால், சட்டத்தில் எதைப் பற்றிப் பார்க்க வேண்டும் என்று விசாரிக்க வேண்டும். வந்தவர் வாடகை என்பார். இன்னொரு கேள்வி போட்டால், வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் போட மறுக்கிறார் என்பது வெளியே வரும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால், அவருக்கு வேண்டியது சட்டப் புத்தகமே அல்ல, சண்டை வராமல் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்று சொல்லும் ஒரு மெல்லிய புத்தகம் என்பது தெரியவரும். தனக்கு என்ன வேண்டும் என்பதை எந்த மனிதரும் முதல் வாக்கியத்தில் சொல்வதில்லை. இதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்து ஒரு பருவம் முழுக்க நடத்துகிறார்கள். நான் வகுப்பில் 'எதிர்க்கேள்வி' என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்பது பாதி வேலை, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது மீதி வேலை என்பது என் முதல் வகுப்பின் முதல் வரி.

தாம்பரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலக அறிவியல் துறையின் தலைவர் நான். துறையில் நிரந்தர ஆசிரியர் நான் ஒருவன்தான் என்பதால் தலைமைக்குப் போட்டி இருந்ததில்லை.

பழக்கம் கல்லூரியோடு நிற்கவில்லை. அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஒருநாள் ஆடத் தொடங்கியது. என் மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. சுற்றி வளைத்துப் பேசுகிறவள் அல்ல. நான் நாற்காலியில் ஒரு புத்தகத்தோடு இருந்தபோது வந்து, "வாஷிங் மெஷின் ஆடுதுங்க" என்றாள்.

"ஆடுதுன்னா, எந்த மாதிரி ஆடுது?"

"ஆடற மாதிரி ஆடுது."

"துவைக்கறப்பவா, பிழியறப்பவா?"

அவள் பதிலை ஆரம்பித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் என் கண் விட்ட பத்திக்குத் திரும்பிவிட்டது. நிமிர்ந்தபோது அவள் சமையலறை வாசலில் நின்று, "உங்ககிட்ட கேட்டதுக்கு அந்த மெஷின்கிட்டயே கேட்டிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பல மாதம் கழித்து எப்போதோ ஆட்டம் நின்றுவிட்டது. என் கேள்விகள் எப்படியோ வேலை செய்துவிட்டன என்று உள்ளூர ஒரு திருப்தி எனக்கு.

முதல் அதிர்ச்சி கல்லூரி முதல்வர் அறையில் கிடைத்தது. நம்முடைய நூலக அறிவியல் பிள்ளைகள் படித்து முடித்து என்ன ஆகிறார்கள் என்று கேட்டார். என்ன ஆகிறார்கள் என்றால் வேலையைப் பற்றிக் கேட்கிறீர்களா, மேல்படிப்பைப் பற்றியா என்று நான் கேட்டேன். என் மனைவி பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. அதை இன்னொரு முகத்தில் பார்ப்பது விநோதமாக இருந்தது.

விஷயம் இதுதான். இனி எந்தப் படிப்புக்கும் தொழில் நிறுவனம் ஒன்றோடு கூட்டு இருக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. கல்லூரி முழுக்க இதை டை-அப் என்று சொல்லிக்கொண்டு அலைந்தார்கள். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஒரு கம்பெனி எங்களோடு கையெழுத்துப் போட்டு, எங்கள் பிள்ளைகளை வேலைக்கும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் துறையில் சேர்க்கை இல்லை. கணினித் துறைக்குக் கம்பெனிகள் வரிசையில் நின்றன. வணிகவியலுக்கு வங்கி கிடைத்தது. நூலகத்துக்கு எந்தத் தொழிற்சாலை வரும்?

"அப்ப நான் சார்?" என்றேன்.

"கோவிலம்பாக்கம் ஸ்கூல்ல லைப்ரரி இருக்கே" என்றார், மிகவும் கனிவாக.

அது எங்கள் அறக்கட்டளையின் மழலையர் பள்ளி. அந்த நூலகத்தை நான் திறப்பு விழாவில் பார்த்திருக்கிறேன். அலமாரி என் முழங்கால் உயரம். புத்தகங்கள் துணியால் ஆனவை, ஏனென்றால் வாசகர்கள் அவற்றைக் கடிப்பார்கள். நானும் புத்தகங்களில் மூழ்கித்தான் ஆயுளைக் கழித்தேன் என்றாலும், வாசகர்களின் எச்சிலில் மூழ்குவேன் என்று எதிர்பார்க்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் மணியை அடித்து அடுத்த துறைத் தலைவரை வரச் சொன்னார்.

அன்றிலிருந்து நான் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் மனிதவள அதிகாரி என்னை உட்கார வைத்து, தங்களிடம் நூலகம் கிடையாதே என்று வருத்தப்பட்டார். உங்களிடம் வரைபடங்கள் இருக்கும், கோப்புகள் இருக்கும், தேடினால் கிடைக்காமல் இருக்கும், அங்கேதான் எங்கள் பிள்ளைகள் வருவார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு, டீயும் கம்பெனி முத்திரை போட்ட சாவி வளையமும் கொடுத்து அனுப்பினார். அந்த வளையத்தில் இப்போது துறையின் பீரோ சாவி தொங்குகிறது.

கடைசியில் மேடவாக்கம் தாண்டி, கண்ணாடி முகப்புக் கட்டடம் ஒன்றில் இருந்த மென்பொருள் கம்பெனி வரச் சொன்னது. வாசலில் காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்றார். நூலகத் துறையிலிருந்து வருகிறேன் என்றேன்.

"இன்னா சார், அட்ரஸ் மாறி வந்துட்டியா? இங்க லைப்ரரிலாம் கெடையாது. கேன்டீன்தான் கீது."

அவர் சொன்னது சரிதான் என்பது உள்ளே போனதும் தெரிந்தது. அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு காகிதம் இல்லை. பேனா இல்லை. பாதிப் பேர் நின்றுகொண்டே வேலை செய்தார்கள். உட்கார நாற்காலிக்குப் பதில் மூட்டை மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். நான் அதில் அமர்ந்தேன். அமர்ந்தேன் என்பதைவிட, அது என்னை வாங்கிக்கொண்டது என்பது பொருந்தும். பேச்சு முழுவதும் கூரையைப் பார்த்தபடியே நடந்தது.

அந்தக் குழுவின் தலைவர் தாடி வைத்த இளைஞர். நூலகம் பற்றி நான் ஆற்றிய சொற்பொழிவில் அவர் காதில் விழுந்தது வகைப்படுத்துதல் என்ற ஒரு சொல்தான். வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி ஒன்றுக்கு அவர்கள் சாட்பாட் செய்துகொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் தன் குறையைத் தமிழில் தட்டினால் அது பதில் சொல்ல வேண்டும். முதலில் தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக்கு மட்டும் சோதனை. வந்து குவிகிற கேள்விகளைப் படித்து, இது இந்த வகை, இது அந்த வகை என்று முத்திரை குத்த ஆட்கள் தேவை.

"உங்க பசங்க பண்ணுவாங்களா சார்?"

நாங்கள் பிறந்ததே அதற்குத்தான் என்றேன். அந்த வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி எது என்று ஒப்பந்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் ஆடிக்கொண்டிருந்ததும் அவர்களுடைய மெஷின்தான். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்று போட்டிருந்ததால் வீட்டில் சொல்லவில்லை. பிறகு அவரும் இன்னொருவரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து என்னை மூட்டையிலிருந்து வெளியே எடுத்தார்கள்.

ஐந்து பேரை அனுப்பினேன். எங்கள் துறையின் கடைசி வருஷ மாணவர்கள் மொத்தமே ஐந்து பேர்தான். அதில் முன்னே நின்றவள் பல்லாவரத்திலிருந்து வரும் ஒரு பெண். குரோம்பேட்டையில் அவள் அப்பாவுக்கு மின்சாதனக் கடை. நூலகம் படித்தால் வேலை கிடைக்கும் என்று வீட்டில் எல்லாரிடமும் வாதாடி வந்து சேர்ந்தவள். வகுப்பில் நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வாள். ஆசிரியர்களுக்கு இது பெருமை தரும். நான் சொன்னதை யாராவது நிஜமாகவே செய்துபார்ப்பார்கள் என்ற அபாயம் அதில் இருப்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பருவம் முடிகிற நேரத்தில் குழுத் தலைவரிடமிருந்து போன் வந்தது.

"சார், கொஞ்சம் நேர்ல வர முடியுமா? உங்க ஸ்டூடன்ட்ஸ் சாட்பாட்டைக் கெடுத்து வெச்சிருக்காங்க."

ஓடினேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். முன்பெல்லாம் வாடிக்கையாளர் ஒன்று கேட்டால் சாட்பாட் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பதிலை வீசிவிட்டு, நன்றி வணக்கம் சொல்லிப் போய்விடும். அந்த வேகம்தான் கம்பெனியின் விளம்பரம். அந்தப் பதிலால் குறை தீர்ந்ததா என்பதை யாரும் பார்த்ததில்லை. எங்கள் பிள்ளைகள் முத்திரை குத்திக்கொண்டே வந்தவர்கள், கேள்விகள் எல்லாம் அரைகுறையாக இருக்கின்றனவே என்று கண்டு, சாட்பாட் என்ன திருப்பிக் கேட்க வேண்டும் என்பதையும் எழுதிச் சேர்த்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

திரையில் யாரோ ஒருவர், ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு கிடைக்குமா என்று தட்டியிருந்தார். அதற்குக் கீழே இப்படி இருந்தது: 'கேட்டது நல்லதாயிற்று. பூட்டு எதற்காகத் தேவைப்படுகிறது? அவசரமில்லை. இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்.'

'கேட்டது நல்லதாயிற்று' என்பது நான் வகுப்பில் சொல்வது. 'அவசரமில்லை' என்பது நான் சொல்வது. 'சொல்லுங்களேன்' என்று குரலை இழுத்து முடிப்பதைக் கிண்டல் செய்து மாணவர்கள் எனக்கே பட்டப்பெயர் வைத்திருப்பது தெரியும். கண்ணாடிக் கட்டடத்துக்குள், காகிதமில்லாத கூடத்தில், யாரோ முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"இதை யாரும்மா எழுதினது?" என்று பல்லாவரத்துப் பெண்ணைக் கேட்டேன்.

"நீங்க சொல்றதுதானே சார். அப்படியே போட்டுட்டோம்."

பூட்டு கேட்டவர் பதில் எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியாம். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு அவர் எழுந்து ஃப்ரிட்ஜில் இருக்கும் மைசூர்பாகைத் தேடுகிறாராம். பூட்டினால் அவருக்கு அவமானமாக இருக்குமே என்றும் கவலையாம். சாட்பாட், கதவு திறந்தால் மணி அடிக்கிற வசதி அதே ஃப்ரிட்ஜில் இருக்கிறது, அதை எப்படி இயக்குவது என்று சொல்லிக்கொடுத்திருந்தது. இன்னொருவர், ஒரு பெண்மணி, சர்வீஸுக்குப் பதிவு செய்த போன் நம்பரை மாற்றச் சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, அது இறந்துபோன கணவரின் நம்பர், அவருக்குச் செய்தி வரும்போதெல்லாம் அந்த போன் ஒளிர்கிறது, அதைப் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியிடம் மனிதர்கள் இதையெல்லாம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதால் சொல்லியிருக்கிறார்கள்.

குழுத் தலைவருக்கு இதில் எதுவும் தெரியவில்லை. அவருக்கு நேரம்தான் தெரிந்தது. முன்பு நொடியில் முடிந்த உரையாடல் இப்போது நீள்கிறது. வெள்ளிக்கிழமை அந்த வீட்டு உபயோகப் பொருள் கம்பெனியின் அதிகாரி வந்து சோதனையின் முடிவைப் பார்க்கப் போகிறார். அவர் கொதித்துப்போனால் கம்பெனிக்கு வேலை போகும், எங்களுக்குக் கையெழுத்து போகும். கடிபட்ட துணிப் புத்தகங்கள் கண்முன் வந்தன.

வெள்ளிக்கிழமை எங்கள் முதல்வரும் வந்துவிட்டார். கையெழுத்துப் போடுகிற போட்டோ இருக்கும் என்று கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. மூட்டையைப் பார்த்ததுமே, தனக்கு நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்தத் தெளிவு எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

குழுத் தலைவர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். அதிகாரி குறை சொல்வதற்கு முன் தானே குறையைக் காட்டி மன்னிப்புக் கேட்டு, பழைய வேகத்துக்கே திரும்பிவிடுவதாக உறுதி சொல்லிவிடுவது. அதற்காக, வாடிக்கையாளர் மிகவும் கடுப்பான ஓர் உரையாடலாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தார். பெயரும் நம்பரும் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருந்தன. ஊர் மட்டும் தெரிந்தது. அஸ்தினாபுரம்.

அஸ்தினாபுரத்தில் எத்தனையோ வீடுகள் என்று நினைத்துக்கொண்டு காப்பியை எடுத்தேன். அவர் வாசிக்கத் தொடங்கினார்.

'வாஷிங் மெஷின் ஆடுது. ஆள் அனுப்பவும்.'

'சிரமத்துக்கு வருந்துகிறோம். ஆடுகிறது என்றால், எந்த மாதிரி? இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்.'

'ஆடற மாதிரி ஆடுது.'

காப்பி என் உதட்டுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றது.

'துவைக்கும்போதா, பிழியும்போதா?'

'எங்க வீட்ல ஒருத்தர் இருக்கார். இதே மாதிரிதான் பேசுவார். அவரோட மல்லாட முடியாமத்தான் உங்ககிட்ட வந்தேன்.'

அறையே சிரித்தது. எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவர் எங்கள் முதல்வர். திரும்பி என் தோளைத் தட்டி, "யாரோ பாவம் சார்" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வாசிப்பு நிற்கவில்லை. 'புரிகிறது. அவசரமில்லை. நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்' என்று சாட்பாட் சொல்லியிருக்கிறது. சொல்லிவிட்டு, எங்கள் பிள்ளைகள் எழுதிவைத்தபடி, சும்மா இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து என் மனைவி நீளமாக எழுதியிருக்கிறாள். பிழியும்போதுதான் ஆடுகிறது. பால்கனிக்கு நகர்த்தியதிலிருந்து ஆடுகிறது. நகர்த்தியது அவளேதான், ஒருத்தியாக. கூடத்துப் பக்கம் சத்தம் கேட்டால் அவரால் படிக்க முடியாது.

மெஷின் இடம் மாறியதே எனக்குத் தெரியாது.

பால்கனியில் தண்ணீர் ஓடுவதற்காகத் தரை சரிவாக இருக்குமா என்று சாட்பாட் கேட்டிருக்கிறது. ஆமாம் என்றிருக்கிறாள். மெஷினின் கால்களைத் திருகினால் உயரம் கூடும், சரிவுப் பக்கக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறது. உயர்த்தியிருக்கிறாள். ஆட்டம் நின்றுவிட்டது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று அது கேட்டபோது, 'இருக்கு. ஆனா அதை ரிப்பேர் பண்ண உங்க கம்பெனில ஆள் இருக்காது' என்று எழுதியிருக்கிறாள். கடைசியில் எல்லா நட்சத்திரங்களையும் போட்டுவிட்டு ஒரு வரி: 'கேள்வி ஜாஸ்தி. ஆனா நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தது.'

குழுத் தலைவர் மன்னிப்பு உரையைத் தொடங்கினார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த வீட்டுக்கு நம்ம ஆள் போகவே இல்லையா?"

"இல்ல மேடம்."

"போகாமயே தீர்ந்துடுச்சா?"

அவர் முகம் மாறியது. மெக்கானிக் தேவையில்லாத வீடுகளுக்கெல்லாம் மெக்கானிக் ஓடிக்கொண்டிருப்பதுதான் அவருடைய தலைவலி என்பது அவர் பேசியதிலிருந்து புரிந்தது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த வாடிக்கையாளரைப் பிடியுங்கள், இதையே வீடியோவில் சொல்லச் சொல்லுவோம், அந்த 'வீட்ல ஒருத்தர்' உட்பட, அதுதான் இதில் அழகு என்றார். எங்கள் முதல்வர் துள்ளி எழாத குறை. கல்லூரி வளாகத்திலேயே படம் பிடிக்கலாம் என்று இடம் வேறு கொடுத்தார்.

"நம்பர் இருக்கு மேடம். இப்பவே அடிச்சுடலாம்" என்று குழுத் தலைவர் கறுப்புப் பட்டையின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனார்.

அந்தப் பட்டைக்குக் கீழே இருக்கும் எண்ணை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். என் வாழ்க்கையில் வேறு யாருடைய எண்ணும் மனப்பாடமாகத் தெரியாது. வாய் திறக்க முயன்றேன்.

"அது முடியாது சார்."

சொன்னவள் பல்லாவரத்துப் பெண். சுவர் ஓரமாக நின்றிருந்தவள் முன்னால் வந்திருந்தாள். முடியாது என்றால் என்ன அர்த்தம் என்று குழுத் தலைவர் கேட்டார்.

"லைப்ரரிக்கு வர்றவங்க என்ன கேட்டாங்கன்னு நாங்க வெளில சொல்ல மாட்டோம் சார். அவங்க மெஷினுக்காகத்தான் வீட்டு விஷயத்தைச் சொன்னாங்க. வீடியோவுக்காகச் சொல்லல."

"இது லைப்ரரி இல்லம்மா. கம்பெனி."

"நாங்க லைப்ரரிலேருந்துதான் சார் வந்திருக்கோம்." அவள் அம்புக்குறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிடைக்கும் என்று வீட்டில் வாதாடிய வேலை அந்த அறையில் கைநழுவுவது அவளுக்குத் தெரிந்திருக்கும். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரி பார்த்தார். கோட்டுக்குள்ளிருந்து முதல்வர் பார்த்தார், பார்வையாலேயே கோவிலம்பாக்கத்துக்கு வழி காட்டியபடி. என் ஆயுளில் கொள்கையும் சுயநலமும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறியது அன்று ஒருநாள்தான். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இதில் எது பேசியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நம்பரை எடுக்கக் கூடாது. எடுத்தா எங்க பசங்க நாளைலேருந்து இங்க வர மாட்டாங்க."

என் குரல்தான். கேட்டு நானே திடுக்கிட்டேன். மாணவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதைக்கு நான் தகுதியானவனா என்ற கேள்வியை அப்போதைக்குத் தள்ளிவைத்தேன். அதிகாரி தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். போட்டோ எடுக்கப்படவில்லை.

திரும்பும்போது முதல்வரின் காரில்தான் வந்தேன். கேம்ப் ரோடு வந்ததும் அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "கோவிலம்பாக்கத்துக்கு பஸ் வசதி நல்லாவே இருக்கு சார்" என்றார்.

வீட்டில் நான் எதையும் சொல்ல முடியாது. ஒப்பந்தம் தடுத்தது, தொழில் தர்மம் தடுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம் தடுத்தது. பால்கனிக்குப் போய் மெஷினைப் பார்த்தேன். ஒரு கால் மற்றவற்றைவிடச் சற்று நீண்டு, நேராக நின்றுகொண்டிருந்தது. உள்ளே வந்து, ஆட்டம் நின்றுவிட்டது போலிருக்கிறதே என்றேன். ஆமாம் என்றாள். வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுபோல வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவள் நோட்டுத் திருத்துவதை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

எந்த நேரமும் கோவிலம்பாக்கத்துக்கு உத்தரவு வரும் என்று நான் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கிய சமயத்தில், கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கையெழுத்துப் போடுகிறார்களாம். எங்கள் பிள்ளைகளில் மூன்று பேரை வேலைக்கும் எடுத்துக்கொள்கிறார்களாம். முதல் பெயர் பல்லாவரத்துப் பெண்ணுடையது. பதவியின் பெயரில் நூலகம் என்ற சொல் எங்கும் இல்லை. உரையாடல் வடிவமைப்பாளர் என்றிருந்தது. அவள் அன்று எழுந்து நின்றதைப் பற்றியோ எங்கள் அறத்தைப் பற்றியோ அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. மெக்கானிக் வீண் அலைச்சல் குறைந்திருப்பதைப் பற்றி முழுதாக ஒரு பத்தி இருந்தது. வீடியோ எடுக்கும் யோசனை கைவிடப்பட்டது என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சேர்க்கை தொடங்கிய வாரம், ஒரு சாயங்காலம், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கல்லூரிக்கு எதிரே சிக்னல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கேட்டின் மேல் புது ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நூலக அறிவியல், சேர்க்கை நடைபெறுகிறது, தொழில்துறைக் கூட்டுடன். நடுவில் என் படம், நான் எந்தக் காலத்திலும் போட்டிராத நீலக் கோட்டோடு. கழுத்து வரைக்கும் முதல்வருடையது என்று பிறகு தெரிந்தது. படத்துக்குப் பக்கத்தில், வீட்டுக் கதவு அகலத்துக்கு மேற்கோள் குறி போட்டு:

"நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தது. — ஒரு வாடிக்கையாளர், அஸ்தினாபுரம்."

பெயர் இல்லை, நம்பர் இல்லை, அதனால் தப்பில்லை என்று முதல்வர் முடிவு செய்திருக்கிறார். என்னிடம் கேட்கவும் இல்லை. என் கை பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வண்டிதான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததே என்பது நினைவுக்கு வரவில்லை. கணக்கு ஆசிரியைகள் எதையும் இரண்டு முறை படிப்பார்கள். என் தோளில் இருந்த கை மெதுவாக எடுக்கப்பட்டது.

"இதை யார் சொன்னது?" என்றாள்.

"எதுக்குக் கேக்கற?"

அது தானாக வந்துவிட்டது. சத்தியமாக நான் அழைக்கவில்லை. வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் வாயை மூடிக்கொண்டேன். ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சை விழுந்தது. முன்னால் இருந்த வண்டிகள் போய்விட்டன. பின்னால் ஹாரன்கள் தொடங்கின. நான் வண்டியை எடுக்கவில்லை. அவள் சொல்லட்டும் என்று இருந்தேன்.

பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா சார், குடும்பப் பேச்செல்லாம் வூட்ல போய் வச்சிக்கக் கூடாதா? எம்மா நேரம் நின்னுகினு இருக்கறது?"

என் மனைவி திரும்பி அவரிடம் சொன்னாள்: "கொஞ்சம் பொறுங்கண்ணா. இவர் இப்பத்தான் காத்திருக்க ஆரம்பிச்சிருக்கார்."